பொரி வறுபடும் ஓசையில் ஒரு குரல்

எங்கள் மகள் செண்பகம் ஆறாம் வகுப்பில் படிக்கையில் அறிவியல் தேர்வில் ஒரு கேள்விக்குச் சுழியம் வாங்கி வந்தாள். இலையுதிர் காலத்தில் மரங்கள் எவ்வாறு இருக்கும் என்பது கேள்வி. இலைகள் பழுத்துச் சிவந்து உதிரும் என்று பாடப்புத்தகம் சொல்லியிருந்தது. செண்பகமோ, ‘எங்கள் தெருவில் பார்த்தேன். வேம்பும் மாவும் பலாவும் பச்சையாகவே இருந்தன. வாதுமையில் சில இலைகள் சிவந்திருந்தன. அவையும் நான் பார்த்த வரையில் உதிரவில்லை’ என்று எழுதியிருந்தாள்.

யார் பழக்கிய பழக்கம் என்பது எனக்குத் தெரியும். விடைத்தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மாடி அறையில் குடியிருந்த அவர் ஸ்டவ்வின் முன் குந்தியிருந்து ஏதோ இலைகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் படித்தார். முகம் மலர்ந்தது.

“ ‘நான் பார்த்த வரையில்’னு எழுதியிருக்கா, பாத்தீங்களா அண்ணாச்சி!”

“சுழியம் வாங்கியிருக்கா வே.”

“புஸ்தகம் எழுதினவன் ஊர்ல உதிரும் போல. பெஹாலாவுல உதிரலையே. பிள்ளை என்ன செய்யும்?”

மறுநாள் அவர் மில்லுக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, எங்கள் தெருவின் மரங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து ஒடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமையாசிரியை அவரை உட்காரச் சொல்லவில்லை. சுழியம் சுழியமாகவே நின்றது. திரும்பி வந்தவர், மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “அந்த அம்மா இருக்கிற சன்னலுக்கு வெளியதான் ஒரு மாமரம் நிக்கி, அண்ணாச்சி. ஒரு தடவை திரும்பிப் பாக்கலை” என்று மட்டும் வருத்தத்தோடு சொன்னார்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், அந்தப் பகுதியில் வயதானவர்கள் இன்றும் ஒரு குளத்தைக் கைகாட்டுவார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், வங்காளத்துப் பெஹாலாவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மேல்தளத்தில், மொட்டைமாடியை ஒட்டிய ஒற்றை அறையில் அவர் இருந்தார். எங்களைப் போலவே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். ஒரு சணல் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. வந்திறங்கும் சணலில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, மணம் செய்துகொள்ளவில்லை. சட்டைப்பையில் நூற்கண்டு, மையொற்றுத் தாள், பூதக்கண்ணாடி, கம்பித்துண்டு எல்லாம் பிதுங்கும். சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவரால் இயலாது. சொன்னவர் யாராக இருந்தாலும் சரி, செய்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. என் மனைவி ஒருமுறை, செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீர் கெடாது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். மாதம் முழுவதும் எங்கள் அடுக்களைச் சாளரத்தில் அவருடைய செம்பும் மண்கலயமும் பித்தளைக் குவளையும் வரிசையாக நின்றன.

“மதினி, தொட்டுராதீங்க. கெடட்டும்.”

“கெடுறதுக்குன்னு ஒருத்தரு தண்ணி வச்சுக் காவல் இருக்காரே” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் தொடவில்லை.

அவருக்கு ஆண்டு என்பதே புரட்டாசி ஐப்பசியில்தான் இருந்தது. வங்காளிகள் சரத் என்று சொல்லும் பருவம். மழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். துர்க்கா பூஜைக்காகப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை. ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்த விடுப்பையெல்லாம் அவர் அந்த நாட்களில் எடுத்துக்கொள்வார். தெருவின் பிள்ளைகள், தமிழர் வங்காளி என்ற வேறுபாடின்றி, விடிவதற்குள் மொட்டைமாடியில் கூடிவிடுவார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் மாமா. வங்காளிப் பிள்ளைகளுக்குக் காக்கு.

பாடம் என்று ஒன்றும் சொல்லமாட்டார். சிவந்த வாதுமை இலையை ஸ்பிரிட்டில் அரைத்து, மையொற்றுத் தாளின் ஒரு நுனியை அதில் நனைத்துத் தொங்கவிடச் சொல்வார். சாறு தாளில் ஏற ஏற, மஞ்சள் ஒரு கோடாகவும் பச்சை ஒரு கோடாகவும் சிவப்பு ஒரு கோடாகவும் பிரிந்து நிற்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ‘பச்சை இலைக்குள்ளும் மஞ்சள் ஒளிந்திருக்கிறதா?’ என்று யாரேனும் கேட்டால், பச்சை இலையை நீட்டுவார். அவ்வளவுதான். காளி பூஜை நெருங்கும்போது விளக்கைச் சுற்றி மொய்க்கும் சிறிய பச்சைப் பூச்சிகளுக்காக, மாலையில் விளக்குகளின் மேல் நிறக்கண்ணாடித் தாள்களைச் சுற்றி, எந்த நிறத்துக்கு எத்தனை பூச்சி வருகிறது என்று எண்ண வைப்பார். பனி வானத்திலிருந்து பெய்கிறது என்று பாப்லு என்ற பையன் சாதித்தபோது, மண்தொட்டியின் மேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் காலையில் கிண்ணத்தின் உட்புறமும் நனைந்திருந்தது. பாப்லு அன்றைக்கெல்லாம் அந்தக் கிண்ணத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

எனக்கும் அவருக்கும் பூசல் வந்தது பவழமல்லியால். எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மரம் நின்றது. ஷியூலி என்பார்கள் அங்கே. மண்ணில் உதிர்ந்த பின்னும் இறைவன் திருவடிக்கு ஏற்கத்தக்க மலர் அது ஒன்றே என்பது எங்கள் வழக்கம். நான் நீராடித் திருநீறு பூசிக் கூடையோடு வந்தால், மரத்தடியில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு கிளையைக் கறுப்புக் குடையால் மூடி, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். வெளிச்சம் படாத கிளையிலும் பூ உதிருமா என்பது அவர்களுடைய கவலை.

“பிள்ளைங்க எண்ணி முடிக்கட்டும், அண்ணாச்சி. சாமி கொஞ்சம் பொறுக்கும்.”

“சாமி பொறுக்கும் வே. எனக்கு ஆபீஸ் பொறுக்காதே.”

அவர் சிரிக்கமாட்டார். எண்ணிய மலர்களைத் தாமே அள்ளி என் கூடையில் இடுவார். குடையின் கீழும் மலர் உதிர்ந்தது என்று எனக்குத் தகவலும் சொல்வார், நான் அதை இறைவனிடம் தெரிவிக்க வேண்டும் என்பதுபோல.

செண்பகம் சுழியம் வாங்கிய அந்த ஆண்டு அவர் செய்து காட்டியவற்றில் ஒன்றை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். அவரிடம் பழைய கடிகாரம் ஒன்று இருந்தது. நல்ல ‘டிக் டிக்’ ஓசை உள்ள பைக் கடிகாரம். பிள்ளைகளைக் கண்ணைக் கட்டி நிறுத்தி, அதைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், ஓசை கேட்டால் கை தூக்கச் சொன்னார். எல்லோரும் தூக்கினார்கள். பின்னர் யாருக்கும் தெரியாமல் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, “இப்ப?” என்றார். அப்போதும் கைகள் உயர்ந்தன. செண்பகத்தின் கைதான் முதலில்.

“கேக்குதாட்டி?”

“லேசாக் கேக்கு மாமா.”

கட்டை அவிழ்த்து, நின்றுபோன முள்ளைக் காட்டினார். அவள் முகம் கறுத்துவிட்டது. “பொய் சொல்லலை மாமா, நெசமாக் கேட்டுச்சு” என்று அழுதாள்.

“நீ பொய் சொன்னேன்னு நான் சொல்லலையே. கேக்கப் போகுதுன்னு நின்னா கேக்காததும் கேக்கும். அதனால கேக்கப் போறவங்ககிட்ட முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னா அந்தச் சோதனை செத்துப் போச்சு.”

நான் படிக்கட்டில் நின்று இதைக் கேட்டேன். மனிதருடைய செவியைப் பற்றி அவர் அறிந்திருந்த அளவுக்கு மனிதரைப் பற்றி அறிந்திருக்கிறாரா என்ற ஐயம் அன்றே எனக்கு எழுந்தது.

வீட்டின் பின்புறம் ஒரு குளம். அதன் மறுகரையில் ஓட்டுக் கூரையிட்ட சிறு வீட்டில் ஒரு கைம்பெண்ணும் அவளுடைய ஒரே மகனும் இருந்தார்கள். அவளை எல்லோரும் மாஷிமா என்போம். சித்தி, பெரியம்மா என்பதுபோன்ற அழைப்பு. பொரி வறுத்து விற்பது அவளுடைய தொழில். விடியற்காலையில் மண்ணடுப்பின் மேல் மணல்சட்டியை ஏற்றி, ஈர்க்குக் கட்டால் அரிசியைக் கிளறத் தொடங்கினால், தகரக் கூரையில் பெருமழை கொட்டுவதுபோல் இருக்கும். மகன் கோக்கோன், பள்ளியை விட்டுவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞன். தாயின் பொரியை மிதிவண்டியில் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவான். எங்கள் வீட்டுக்கும் போடுவான். “மாமி, இன்னிக்கி சூடு” என்று தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் என் மனைவியிடம் கொட்டிவிட்டுப் போவான்.

தசமியன்று தெருக்காரர்கள் துர்க்கையின் உருவத்தை அந்தக் குளத்திலேயே கரைத்தார்கள். மண் கரைந்த பிறகு, உள்ளிருக்கும் வைக்கோலும் மூங்கிலும் மரச்சட்டமும் நீரில் கிடக்கும். காட்டாமோ என்று அவர்கள் சொல்லும் அந்தச் சட்டத்தைக் கரையேற்றிக் கொடுத்தால் உருவம் செய்கிறவர்கள் அடுத்த ஆண்டுக்கு வாங்கிக்கொள்வார்கள். வேறு யாரும் வருமுன் எடுத்துவிட வேண்டும் என்று கோக்கோன் மறுநாள் விடியலிலேயே குளத்தில் இறங்கினான்.

அதே நேரத்தில் மொட்டைமாடியில் அவரும் பிள்ளைகளும் இருந்தார்கள். பனியில் வைத்த பஞ்சுப் பொதிகளைத் தட்டான் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் குளத்தைப் பார்த்தார்கள். கோக்கோன் தலையை அண்ணாந்து, கைகளால் நீரைக் கீழே அழுத்தி அழுத்தி, ஏணியில் ஏறுகிறவனைப் போல எழுந்து எழுந்து அமிழ்ந்தான். செண்பகம் அவனுக்குக் கை அசைத்தாள். பாப்லு, “கோக்கோன்தா!” என்று அண்ணன்முறை சொல்லிக் கூவினான். அவரும் தராசிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். நீருக்கு மேல் தலை இருந்தது. குளிக்கிறான் என்று எண்ணி மீண்டும் தராசு முள்ளைப் பார்த்தார். அடுத்து நிமிர்ந்தபோது நீர் அசைவற்றுக் கிடந்தது. சட்டத்தை எடுக்க மூழ்கியிருக்கிறான் என்று எண்ணினார்.

ஆட்கள் அவனை உயிரற்று வெளியே கொண்டுவந்தபோது, வைக்கோலைக் கட்டிய சணற்கயிறு அவன் காலில் சுற்றிக்கொண்டிருந்தது. தேவியின் தலையில்லாத வைக்கோல் உடலும் அவனோடு சேர்ந்தே கரையேறியது. மாஷிமாவின் அடுப்பு அதுவரையில் எரிந்துகொண்டிருந்தது. குளத்துக்கும் அவள் அடுப்புக்கும் இடையில் ஒரு வாழைப்புதர்தான்.

அவள் அழவில்லை. அன்றைக்கும் அடுத்த நாளும் வீடு வீடாகப் போய் ஒன்றையே கேட்டாள்: “அவன் என்னைக் கூப்பிட்டானா?”

கூப்பிட்டிருந்து, பொரியின் ஓசையில் தனக்குக் கேட்காமல் போயிருந்தால், மகனைக் கொன்றவள் தானே என்று அவள் முடிவு செய்திருந்தாள். எல்லோரும், “இல்லை மாஷிமா, கூப்பிடவே இல்லை” என்றார்கள். என் மனைவியும் சொன்னாள். அவள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று கண்டுகொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். சோறு தொடவில்லை. கடைசியில் எங்கள் மாடிப்படி ஏறினாள். நானும் உடன் இருந்தேன்.

“நீ தெரியாததைச் சொல்லமாட்டாய் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்” என்று வங்காளத்தில் அவரிடம் சொன்னாள். “நீ மேலிருந்து பார்த்தாயாம். அவன் என்னைக் கூப்பிட்டானா?”

“எனக்குக் கேட்கவில்லை, மாஷிமா.”

“கூப்பிடவில்லையா? உனக்குக் கேட்கவில்லையா?”

அத்தகைய கேள்வியை அவர்தான் எப்போதும் பிறரிடம் கேட்பார்.

“கேட்கவில்லை” என்றார். “நான் இருந்தது உயரத்தில். கீழே பொரி ஓசை. பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டானா என்பது எனக்குத் தெரியாது.”

அவள் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

“கூப்பிடலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா உம்ம நாக்கு அழுகிருமா வே?”

“எல்லாரும் சொல்லியாச்சே, அண்ணாச்சி. அவ நம்பலையே. நானும் சொன்னா, அந்தக் கூட்டத்துல இன்னொருத்தன்.” அவர் குளத்தின் பக்கம் திரும்பினார். “பாத்துக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. அவன் மூச்சுக்குத் தவிச்சிருக்கான், நான் பஞ்சை நிறுத்துக்கிட்டு இருந்தேன். அவளுக்காவது ஒண்ணைத் தெரிஞ்சு சொல்லணும்.”

அதற்கு என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை. துக்கத்தில் பேசுகிறார் என்று எண்ணி, கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுக் கீழே வந்தேன்.

வங்காளிகளின் கார்த்திகை பிறந்து, இறந்தவர்களுக்கு வழிகாட்ட மூங்கில் நுனியில் விளக்கேற்றும் நாட்கள் வந்தன. மகனுடைய கடன்கள் முடிந்து, வயிறு என்று ஒன்று இருப்பதால், மாஷிமா மீண்டும் மணல்சட்டியை அடுப்பில் ஏற்றினாள். விடியலில் அந்த மழையோசை மறுபடி கேட்கத் தொடங்கியது. அதற்காகத்தான் அவர் காத்திருந்தார் என்பது யாருக்கும் தெரியாது.

அன்று காலை நான் பூசையில் இருந்தேன். நாள்தோறும் ஓதும் பதிகத்தில், பெற்ற தாயை விட்டுத் தொலைந்த மகவாகத் தன்னை எண்ணி அடியவர் இறைவனை அழைக்கும் இடம் அது. என் வாய் அந்த அடியில் இருந்தபோது, குளத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“மா! மா கோ!”

பொரியின் ஓசை சட்டென்று நின்றது.

நான் கையிலிருந்த மலரைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினேன். வாழைப்புதரைக் கிழித்துக்கொண்டு மாஷிமா வந்தாள். கையில் ஈர்க்குக் கட்டு. கூந்தல் அவிழ்ந்து முதுகெல்லாம். “ஜாச்சி பாபா, ஜாச்சி!” என்று கத்திக்கொண்டே வந்தாள். வருகிறேன் அப்பா, வருகிறேன். படித்துறையில் அவள் நிற்கவே இல்லை. தரையில் ஓடுவதுபோலவே நீருக்குள்ளும் ஓடினாள்.

நடுக்குளத்தில், கழுத்தளவு நீரில், அவர் நின்றுகொண்டிருந்தார்.

“மாஷிமா, நான்! நான்தான்! நில்லுங்கள்!” என்று அலறினார். அவள் செவியில் அது ஏறவில்லை. நீர் அவள் வாய் வரை வந்துவிட்டது. அவர் நீந்திப் போய்ப் பிடித்தார். அவள் அவர் முகத்தைக் கைகளால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு, தடவிய விரல்களாலேயே கிழித்தாள்.

கரைக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். சட்டியில் விட்டுவந்த அரிசி கருகி, புகைநாற்றம் குளமெங்கும் பரவியது. அவர் கன்னத்தில் குருதி வழிய, நீர் சொட்ட, என்னிடம் வந்தார். அந்த முகத்தை நான் மறப்பதற்கு இறைவனை வேண்டியிருக்கிறேன். அதில் வெற்றி இருந்தது.

“கேட்டிருக்கு, அண்ணாச்சி! அந்த ஓசையிலயும் அவளுக்குக் கேட்டிருக்கு. அப்போ அவன் கூப்பிடலை. அவ மேல குத்தமே இல்லை.”

“பாவி! இதை அவகிட்டச் சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?”

“சொல்லியிருந்தா எப்படி? காதைத் தீட்டிக்கிட்டு இருப்பா. அப்புறம் கேட்டதுன்னு வந்தாலும் அதுக்கு மதிப்பு உண்டா?”

“கேக்காமப் போயிருந்தா? என்ன சொல்லியிருப்பீரு அவகிட்ட?”

அவர் சற்றும் தயங்கவில்லை. “கேக்காதுன்னு சொல்லியிருப்பேன்.”

பிறகு அவள் அருகில் மண்டியிட்டு, கைகூப்பி, வங்காளத்தில் மெல்ல விளக்கினார். உங்கள் செவியில் குறை இல்லை. அடுப்போசையிலும் கேட்டது. அவன் கூப்பிட்டிருந்தால் நிச்சயம் கேட்டிருக்கும். அவன் கூப்பிடவில்லை, மாஷிமா. நீரில் மூழ்குகிறவனுக்குக் குரல் எழும்பாது. உங்கள்மேல் பிழையே இல்லை.

ஒரு சொல்லும் பொய்யில்லை. அவள் அத்தனையையும் கேட்டாள். கேட்டுவிட்டு, அவர் தோளுக்கு மேலாகக் குளத்தைப் பார்த்தாள்.

“டாக்ச்சே” என்றாள். கூப்பிடுகிறான்.

தெருவின் இளைஞர்கள் அன்று அவரை அடித்தார்கள். நானும் இன்னும் சிலரும் விலக்கப் போவதற்குள் பல அடி விழுந்துவிட்டது. அவர் கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. “ஏன் அடிக்காங்கன்னு எனக்குத் தெரியுது அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னார். அதன்பின் எந்தப் பிள்ளையும் மாடியேறவில்லை. ஏறவிடவும் இல்லை. செண்பகம் தன் பஞ்சுப் பொதிகளையும் மையொற்றுத் தாள்களையும் தானே அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். குளத்தின் பக்கமிருந்த சாளரத்தை அவள் திறப்பதே இல்லை. கோக்கோனுக்கு அசைத்த கையை நெடுநாள் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மாஷிமாவுக்கு அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் குரல் கேட்டது. முதல் ஈடு அரிசி பொரியத் தொடங்கியதும் ஈர்க்குக் கட்டோடு எழுந்து படித்துறைக்கு வருவாள். முன்பு, கேட்காமல் போனோமே என்று வெந்தாள். இப்போது கேட்டும் போகமுடியவில்லையே என்று வெந்தாள். மருத்துவரிடம் காட்டினார்கள், தாயத்துக் கட்டினார்கள். நான் என் பங்குக்குத் திருநீறு பூசிவிட்டேன். எதுவும் அந்தக் குரலை நிறுத்தவில்லை.

அவர் வீட்டைக் காலிசெய்துவிடுவார் என்றே எல்லோரும் எதிர்பார்த்தோம். செய்யவில்லை. ஆலைக்காரர்கள் ஆற்றோரத்தில் வேறொரு மில்லுக்குப் பெரிய பொறுப்பில் அனுப்ப முன்வந்தபோதும் மறுத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, “விடியக்காலம் இங்க ஆள் வேணும்லா” என்றார். அவள் வருமுன் அவர் படித்துறையில் இருப்பார். கடைசிப் படியில், நீருக்கும் அவளுக்கும் நடுவில், குறுக்கே நிற்பார். மழையிலும் நின்றார், மார்கழிக் குளிரிலும் நின்றார். சில நாட்களில் அவள் ஈர்க்குக் கட்டால் அவரை விளாசுவாள். சில நாட்களில் அவர் இருப்பதே தெரியாததுபோல் நீரைப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஆண்டுகள் சில சென்றபின் எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. புறப்படும் நாளன்று, மூட்டைகள் வண்டியில் ஏறுமுன், சொல்லிக்கொண்டு போகலாம் என்று விடியலில் குளக்கரைக்குப் போனேன். சரத் காலம்தான் அன்றும். அவர் வழக்கமான படியில் நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. மாஷிமா வந்தாள். மிகவும் தளர்ந்திருந்தாள், வெறிகொண்ட ஓட்டமெல்லாம் போய், நடையே தள்ளாடியது. கையில் ஒரு குடம் இருந்தது. அவரை அடிக்கவில்லை. அருகில் வந்து, சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு குழந்தை பெரியவர்களைச் சாட்சிக்கு அழைப்பதுபோல.

“அதோ, கூப்பிடுகிறான். உனக்குக் கேட்கிறதா?”

குளத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, நெடுநேரம் செவிகொடுத்தார். உண்மையாகவே கேட்க முயன்றார் என்பதை நான் கண்டேன்.

“கேட்கிறது, மாஷிமா” என்றார்.

“என்ன சொல்கிறான்?”

அவள் முகத்தை உயர்த்திக் காத்திருந்தாள்.

“உங்களை வீட்டுக்குப் போகச் சொல்கிறான்.”

அவள் குடத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் குனிந்து, நீரை மொண்டு, தோளில் ஏற்றிக்கொண்டு, வாழைப்புதருக்கிடையே அவளுக்குப் பின்னால் நடந்தார். என்னைக் கடந்து போகையில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.